மாற்றி ஒட்டிய சீட்டு

ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்த அந்த டீச்சருக்கு வஞ்சம் வைக்கத் தெரியாது என்றுதான் பள்ளிக்கூடமே நினைத்திருந்தது. கட்டிய கணவரும் அப்படித்தான் நினைத்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தட்டைக்கூட டொம்மென்று வைத்ததில்லை, குரலை உயர்த்திப் பேசியதில்லை. அடடா, எவ்வளவு பெரிய தப்புக் கணக்கு! கோபத்தை அங்கேயே கொட்டிவிடுகிறவர்களால் பெரிய ஆபத்து கிடையாது. இவள் கோபத்தைச் சுண்டக் காய்ச்சி, மூடி போட்டு, பத்திரமாக எடுத்து வைக்கிற ரகம்.

அப்படி எடுத்து வைத்த கோபம் முழுக்க ஒரே ஆள் மேல்தான். ரிமோட் சார் என்று பிள்ளைகள் பெயர் வைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் வணிகவியல் வாத்தியார். பிறகு பாடத்திட்ட ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பதவியைத் தாளாளர் அம்மாவிடம் பேசிப் பேசியே வாங்கிக்கொண்டார். புரொஜெக்டர் ரிமோட் இல்லாமல் அவர் கையை யாரும் பார்த்ததில்லை. மற்றவர்கள் விரலை நீட்டிப் பேசுவார்கள், இவர் ரிமோட்டை நீட்டிப் பேசுவார்.

வீடியோ எடுக்கிற வேலையை ஆரம்பித்தது டீச்சர்தான். மொத்தப் பள்ளிக்கும் ஒரே ஆய்வுக்கூடம். மேசை மேல் ஒரு குவளையை வைத்து எதையாவது செய்து காட்டினால் முன்வரிசைக்குத் தெரியும், பின்வரிசைக்கு முன்வரிசையின் முதுகுதான் தெரியும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டுச் சமையல் மேடையைத் துடைத்துவிட்டு, அங்கேயே சோதனைகளைச் செய்து படம் எடுத்தாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். கை நடுங்காமல் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது, தண்ணீர் ஏன் கொதிக்கிறது, இலை ராத்திரியில் என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்து, இணையத்தில் போட்டு, வகுப்பில் ஓட்டினாள்.

ஓட்டினாள் என்றா சொன்னேன்? நிறுத்தினாள் என்று சொல்ல வேண்டும். அவளுடைய வித்தையே அதில்தான் இருந்தது. படம் ஓடிக்கொண்டிருக்கும், முக்கியமான இடம் வந்ததும் டக்கென்று நிறுத்திவிடுவாள்.

"இப்ப என்ன ஆகும்? சொல்லுங்க பாப்போம்."

"பொங்கும் டீச்சர்!"

"ஒண்ணும் ஆகாது டீச்சர், நீங்க சும்மா ஏமாத்தறீங்க!"

வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தும். கத்தி முடித்த பிறகுதான் மீதிப் படம் ஓடும். ஜெயித்தவர்கள் துள்ளுவார்கள், தோற்றவர்கள் ஏன் என்று கேட்பார்கள். அந்த ஏன்தான் அவளுக்கு வேண்டும். படம் முழுவதும் அந்த ஒரு நிறுத்தத்துக்காகத்தான் எடுக்கிறேன் என்பாள்.

இந்தக் கூச்சலைக் கேட்டுத்தான் ரிமோட் சார் வகுப்பறைக்குள் தலையை நீட்டினார்.

"டீச்சர், பிரமாதம் போங்க! இதை நாம பெரிசாப் பண்ணலாம்."

நாம! அந்த ஒரு வார்த்தையில் ஏமாந்தாள். பாராட்டுக் கேட்டே பழக்கமில்லாதவள், பாவம், முகம் மலர்ந்து எல்லா வீடியோவையும் தூக்கிக் கொடுத்தாள். முதலில் பள்ளியின் முத்திரை வந்து உட்கார்ந்தது. சரி, பள்ளிக்கூடத்துக்குத்தானே என்று விட்டாள். அப்புறம் தொடக்கத்தில் ரிமோட் சாரின் முகம் வந்தது, "அன்பு மாணவர்களே!" என்று. அடுத்து அவள் குரல் போயிற்று.

"தப்பா நினைச்சுக்காதீங்க டீச்சர். உங்க குரல் கொஞ்சம் கீச்சுன்னு இருக்கு. வெளியில நாலு பேர் பாக்கற படமில்லையா?"

அவள் எழுதிக் கொடுப்பதை அவர் தன் அறையில் உட்கார்ந்து போனில் வாசித்து அனுப்புவார். அதைப் படத்தோடு பொருத்துவது அவள் வேலை. இப்படியாக அந்தப் படங்களில் அவளுடையது என்று மிஞ்சியவை இரண்டு கைகள்தான். அதையும் விட்டுவைத்தாரா மனுஷன்?

"கையுறை போட்டுக்குங்க டீச்சர். பாக்க நல்லா இருக்கும்."

கையும் போயிற்று. அதற்குப் பிறகு சட்டம் வந்தது. படத்தை நடுவில் நிறுத்தக் கூடாது. படம் ஓடும்போது யாரும் கேள்வி கேட்கக் கூடாது. எல்லாப் பிரிவும் ஒரே நேரத்தில் பாடத்தை முடிக்க வேண்டும். பொத்தானை அமுக்கத் தெரிந்தால் போதும், டீச்சர் எதற்கு? வரவேற்பறையில் போன் எடுத்துக்கொண்டிருந்த பெண்ணை ஏழாம் வகுப்பில் உட்கார வைத்தார். மாடிப்படிக்குக் கீழே உடைந்த நாற்காலிகள் கிடந்த அறையைக் காலி செய்து, அதற்கு ஸ்டூடியோ என்று பெயர் சூட்டி, டீச்சரை ஒரு கம்ப்யூட்டரோடு உள்ளே தள்ளினார்.

ஒருநாள் அவள் தன் பழைய வகுப்பைத் தாண்டிப் போனாள். உள்ளே அவள் படம் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்காக அவள் எழுதிய ஒரு கேலியை ரிமோட் சார் செய்தி வாசிப்பதுபோல் வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. கடைசி பெஞ்சில் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

நேராகத் தாளாளர் அம்மாவிடம் போய்ச் சொன்னாள். அந்த அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடியே கேட்டார்.

"யார் பேர் வந்தா என்னம்மா? பிள்ளைங்க படிக்கறாங்கல்ல?"

ஸ்டூடியோவுக்கே திரும்பினாள். அன்று சாயங்காலமே ரிமோட் சார் படிக்கட்டில் வழிமறித்தார்.

"மேல போய்ப் பேசினீங்களாமே மேடம்?" டீச்சர் என்ற அழைப்பு மேடமாகிவிட்டதைக் கவனியுங்கள். "அடுத்த மாசம் வெளிப்பள்ளி நிர்வாகிங்க எல்லாம் நம்ம முறையைப் பாக்க வர்றாங்க. அவங்க எடுத்துக்கிட்டா, அடுத்த வருஷத்துலேர்ந்து ஏழாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சர்னு ஒரு ஆளே தேவைப்படாது. கேமரா பிடிக்க யாராவது வேணும்னா சொல்லி அனுப்பறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்புக்குத்தான் அவரை மன்னிக்க முடியாமல் போயிற்று. வேலையைப் பறித்ததற்குக்கூட ஒருவேளை மன்னித்திருப்பாள். இவரை நாலு பேர் முன்னால் மண்ணைக் கவ்வ வைக்காமல் விடுவதில்லை என்று அந்தப் படிக்கட்டிலேயே முடிவு செய்தாள். வகுப்பைத் திரும்பப் பிடிப்பதற்கும் அதைவிட்டால் வேறு வழியில்லை. வெளிப்பள்ளிக்காரர்கள் தலையாட்டிவிட்டுப் போனால் அவள் கதை முடிந்தது.

ரிமோட் சாரிடம் ஒரு வழக்கம் இருந்தது. தன் பெயரில் வந்த படம் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. எழுதிக் கொடுத்ததை வாசிப்பார், அத்தோடு சரி. படம் ஓடும்போது திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பார்ப்பவர்களின் முகத்தைப் பார்த்து நிற்பார். யார் வியக்கிறார்கள், யார் தலையாட்டுகிறார்கள் என்பதில்தான் அவருக்குக் கண். மாதக்கணக்காக இதைப் பார்த்துவந்த டீச்சருக்கு வேறு துப்பே வேண்டியிருக்கவில்லை.

விருந்தினர் நாளுக்கு அமிலமும் காரமும் பாடம் என்று முடிவாகியிருந்தது. எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர் ஒரு குவளையில், சோடா உப்புத் தண்ணீர் இன்னொன்றில். நீல லிட்மஸ் தாளை எலுமிச்சையில் நனைத்தால் சிவப்பாகும். சோடா உப்பில் நனைத்தால் நீலம் நீலமாகவே இருக்கும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரிகிற விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அதே பள்ளியில் ஏழாம் வகுப்பு ஏ பிரிவில் படிக்கும் ஒரே மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். கணவர் போனைப் பிடித்தார். டீச்சர் கையுறையை மாட்டிக்கொண்டு, இரண்டு குவளைகளிலும் பெயர்ச் சீட்டை ஒட்டினாள்.

"இரு இரு. மாத்தி ஒட்டிட்டே," என்றார் கணவர்.

"தெரிஞ்சுதான் ஒட்டறேன். நீங்க பேசாம பிடிங்க."

நீலத் தாள் சோடா உப்பு என்று எழுதிய குவளைக்குள் போய்ச் சிவப்பாக வெளியே வந்தது. கணவர் போனை இறக்கிவிட்டார்.

"ஏம்மா, என்ன வேலை இது? பிள்ளைங்க பாக்கற படம்."

"பெரியவங்க பாக்கறதுக்குத்தாங்க. வர்றவங்கள்ல ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரும் பள்ளிக்கூடம் நடத்தறவங்க. பாத்த உடனே சிரிச்சிடுவாங்க. அந்தாள் திருதிருன்னு முழிப்பாரு. பாடம் சாரோடது, நான் கேமரா பிடிக்கறவன்னு நான் பாட்டுக்கு உக்காந்திருப்பேன்."

"என் வேலையில வயரை மாத்தி மாட்டினா ஆளே போயிடும். எனக்கு இதைப் பாக்கவே கை உதறுது."

"எனக்கு உதறல. இன்னொரு தடவை பிடிங்க, வெளிச்சம் சரியில்ல."

வாசிக்க வேண்டியதையும் அதற்கேற்பவே எழுதி அனுப்பினாள். 'சோடா உப்புத் தண்ணீரில் நீலத் தாள் சிவப்பாக மாறுவதைக் காண்கிறோம்.' ரிமோட் சார் அதைக் குரலை ஏற்றி இறக்கி, அழகாக வாசித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு சந்தேகம், ஒரு இருமல், ஒன்றும் கிடையாது. அந்த ஒலிப்பதிவைக் கேட்டு அவள் ஸ்டூடியோவில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து நாளாகியிருந்தது.

அந்த நாளும் வந்தது. கூட்ட அறையில் சோபாக்களைப் போட்டு விருந்தினர்களை உட்கார வைத்திருந்தார்கள். நடுவில் தாளாளர் அம்மா. புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும் என்று ரிமோட் சார் ஒரு மேசையில் இரண்டு குவளைகளையும் லிட்மஸ் தாள் கட்டையும் அடுக்கச் சொல்லியிருந்தார். சீட்டு ஒட்டினால் அசிங்கமாகத் தெரியும் என்று ஒட்ட விடவில்லை. டீச்சர் பின்வரிசைக்கும் பின்னால், மடிக்கணினியோடு.

பக்கத்து பெஞ்சுகளில் பிள்ளைகளைக் கூட்டிவந்து உட்கார வைத்தபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பி பிரிவை அழைத்து வருவதாகத்தான் பேச்சு. அந்தப் பிள்ளைகளின் சட்டை கசங்கியிருக்கிறது என்று ரிமோட் சார் காலையில் ஏ பிரிவைக் கூப்பிட்டுவிட்டாராம். முதல் பெஞ்சில் அவள் மகள் உட்கார்ந்திருந்தாள், கையைக் கட்டிக்கொண்டு.

படம் ஓடியது. ரிமோட் சார் வழக்கம்போல் திரைக்கு முதுகைக் காட்டினார். நீலத் தாள் சோடா உப்புக் குவளைக்குள் போயிற்று. இதோ, இதோ என்று டீச்சர் நாற்காலி நுனிக்கு வந்தாள். தாள் சிவப்பாக வெளியே வந்தது. சிரிப்புச் சத்தம் எங்கே? ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் புரொஜெக்டரின் விலையைப் பக்கத்தில் விசாரித்துக்கொண்டிருந்தார். ஒரு பெரியவர் மட்டும் புருவத்தைச் சுருக்கினார். பிறகு அக்கம்பக்கம் பார்த்தார், யாரும் எதுவும் சொல்லாததால் புருவத்தைப் பழையபடி விட்டுவிட்டார். அட பாவிகளா, ஒருத்தருக்குக்கூடவா கண் இல்லை என்று டீச்சர் மனதுக்குள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ரொம்ப நல்லா இருக்கு. எங்க பள்ளிக்கூடங்களுக்கும் இதே படத்தைக் குடுத்துடுங்க," என்றார் போன்காரர்.

கைதட்டல். ரிமோட் சார் குனிந்து வணங்கினார். நிமிர்ந்தபோது முதல் பெஞ்சில் ஒரு கை உயர்ந்திருந்தது.

"படம் ஓடும்போது கேள்வி கிடையாதுன்னு தெரியுமில்ல?"

"படம் முடிஞ்சிடுச்சு சார்," என்றாள் மகள். விருந்தினர்கள் சிரித்தார்கள். "சீட்டு மாறிப் போயிருக்கு சார். சோடா உப்புல நீலத் தாள் சிவப்பாகாது. எலுமிச்சையிலதான் ஆகும்."

அப்போதாவது அவர் திரும்பித் திரையைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. விருந்தினர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"அட, நம்ம ஸ்டூடியோ மேடத்தோட பொண்ணு! கண்ணு, எத்தனையோ தடவை சரிபாத்த படம் இது. சோடா உப்புல தாள் என்ன நிறமாச்சு? உன் கண்ணால பாத்ததைச் சொல்லு."

"படத்துல சிவப்பாச்சு சார். ஆனா..."

"ஆனா ஆவன்னா எல்லாம் வேண்டாம். எழுந்து நின்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு." விருந்தினர் பக்கம் திரும்பினார். "கவனிக்காத பிள்ளைகூட ஒரு நிமிஷத்துல திருத்திக்குது பாருங்க. அதுதாங்க நம்ம முறை."

மகள் எழுந்தாள். திரும்பி அறையின் கடைசியில் இருந்த அம்மாவைப் பார்த்தாள். படத்தை எடுத்தது யார் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அம்மா ஒரு தலையசைப்புக் கொடுத்தால் போதும்.

டீச்சர் கொடுக்கவில்லை. அந்த நேரத்தில் அவள் மனதில் ஓடியது ஒன்றே ஒன்று. இன்னும் கொஞ்சம் பேசட்டும். இன்னும் கொஞ்சம் ஆழமாகக் குழிக்குள் இறங்கட்டும், ஏறி வரவே முடியாதபடி. மகளின் கண்ணைச் சந்திக்காமல் மடிக்கணினியைக் குனிந்து பார்த்தாள்.

மகள் அதைப் பார்த்தாள்.

"சோடா உப்புல நீலத் தாள் சிவப்பாகும் சார்."

"சபாஷ்!" என்றார் ரிமோட் சார். எல்லோரும் கைதட்டினார்கள். மகள் முகம் சிவக்க உட்கார்ந்து, குனிந்த தலையை நிமிர்த்தவேயில்லை.

அந்தக் கைதட்டல்தான் டீச்சரை எழுப்பியது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. சோபாக்களுக்கு நடுவே புகுந்து முன்னால் வந்து நின்றாள்.

"என் பொண்ணு முதல்ல சொன்னதுதான் சரி. சீட்டை மாத்தி ஒட்டினது நான். வேணும்னேதான் ஒட்டினேன்."

"இவங்க... இவங்க கேமரா உதவியாளருங்க," என்றார் ரிமோட் சார்.

"ஆமா, உதவியாளர்தான். பாடம் சாரோடது. அப்படித்தானே சார்?" மேசையைக் காட்டினாள். "இந்த ரெண்டு குவளையில சீட்டு இல்ல. தாளை நனைச்சு, எது எலுமிச்சை, எது சோடா உப்புன்னு சொல்லுங்க. உங்க பாடந்தானே?"

ரிமோட் சார் தாளாளர் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா, "செஞ்சு காட்டிடுங்களேன் சார்," என்று அப்பாவியாகச் சொன்னார். வேறு வழியில்லை. ரிமோட்டை இடுக்கிக்கொண்டு ஒரு நீலத் தாளை எடுத்து முதல் குவளையில் விட்டார். சிவப்பாக வந்தது. டீச்சர் சொன்னதை நம்பாமல், தான் வாசித்ததையே நினைவுபடுத்திக்கொண்டு, தெம்பாக நிமிர்ந்தார்.

"சோடா உப்பு!"

பிள்ளைகள் பெஞ்சு அதிரச் சிரித்தார்கள். "எலுமிச்சை சார்! மோந்து பாருங்க சார்!" என்று ஒரு குரல் கத்தியது. மனுஷன் நிஜமாகவே மோந்து பார்த்தார்! போன்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். புருவத்தைச் சுருக்கிய பெரியவர், "நான் அப்பவே நினைச்சேன்," என்றார். நினைத்தாராம்! ரிமோட் சார் முகத்தில் ஈயாடவில்லை. குவளையைத் தட்டிவிட்டு எலுமிச்சைத் தண்ணீரை மேசையில் கொட்டினார். டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு அவரை ஆற அமரப் பார்த்தாள். ஒரு வருட எரிச்சலும் தணிகிற வரைக்கும் பார்த்தாள். அன்றைக்கு இருந்த ஆனந்தம் தன் கல்யாணத்தன்றுகூட இல்லை என்று பிறகு கணவரிடமே சொன்னாள். அவர் சிரித்தார், அவ்வளவு ரசித்தார் என்று சொல்ல முடியாது.

விருந்தினர்கள் அந்த முறையை எடுத்துக்கொள்ளாமலே கிளம்பினார்கள். ரிமோட் சாரின் பதவி போயிற்று, வணிகவியல் வகுப்புக்கே திரும்பினார். தப்பான படத்தைத் தெரிந்தே எடுத்தவளை வைத்துக்கொள்ள முடியாது என்று தாளாளர் அம்மா டீச்சரை அன்றே அனுப்பிவிட்டார். அந்த அம்மா செய்தது அநியாயம் என்று வாயெடுத்துச் சொல்ல முடியுமா? சொல்ல முடியாது. டீச்சரும் சொல்லவில்லை. ஏழாம் வகுப்புக்குப் புதிதாக ஒரு அறிவியல் டீச்சரை எடுத்தார்கள். அவள் வகுப்பு பிழைத்தது, அவளுக்குத்தான் இல்லாமல் போயிற்று. போனால் போகட்டும், அவர் மோந்து பார்த்ததை நான் பார்த்துவிட்டேன் என்றாள்.

அன்று பள்ளியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் அதையே நடித்துக் காட்டிக்கொண்டு வந்தாள். மகள் சிரிக்கவில்லை.

"ஏன்டி உம்முன்னு வர்றே? உனக்காகத்தானே எழுந்தேன்?"

"நான் கை தூக்காம இருந்திருந்தா?"

டீச்சர் நின்றாள். பொய் சொல்லியிருக்கலாம்தான்.

"உண்மையைச் சொல்லியிருக்க மாட்டேன்."

"அத்தனை பள்ளிக்கூடத்துக்கும் அந்தப் படம் போயிருக்கும்."

"போயிருக்கும்."

"எனக்கு சரியாத்தாம்மா தெரிஞ்சது. நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டே. அப்போ நான் படிச்சதுதான் தப்பு போலிருக்குன்னு நினைச்சுத்தான் அப்படிச் சொன்னேன்."

இப்போது டீச்சர் வீட்டுக் கூடத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள். பழையபடி தன் குரலில் படம் எடுத்து, நடுவில் நிறுத்தி, என்ன ஆகும் என்று கேட்கிறாள். பிள்ளைகள் பழையபடி கத்துகிறார்கள். ரிமோட் சாரைக் கடைத்தெருவில் பார்த்தால் இன்றைக்கும் அவளுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்குகிறது. மறைப்பானேன், அவரை அவள் மன்னிக்கவேயில்லை.

மகளும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்துதான் படிக்கிறாள். போன வாரம் காந்தத்தைப் பற்றி எடுத்துக்கொண்டிருந்தாள் டீச்சர். ஒத்த முனைகள் விலகும் என்று சொன்னாள். எல்லாப் பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள். மகள் மட்டும் எழுதாமல் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் குரலில் கோபமோ கேலியோ எதுவுமில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள்.

"அம்மா, இது நிஜமா? இல்ல, வேணும்னே சொல்றியா?"